இருபதாயிரம் ரூபாய்க்கு மானிட்டரா, கிராபிக்ஸ் கார்டா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீரவநல்லூரிலிருந்து அக்கா மகன் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தான். வந்தவுடன் அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பதுதான் அவன் வழக்கம். அன்றைக்கு நேரே என் மேஜைக்கு வந்து நின்றான்.

“மாமா, இருவதாயிரம் சேத்து வச்சிருக்கேன். கிராபிக்ஸ் கார்ட மாத்தவா, இல்ல ஃப்ரீசிங்க் மானிட்டர் வாங்கவா? நீங்க என்ன சொல்லுதிய?”

“முதல்ல உன் மெஷின்ல என்னென்ன கெடக்குன்னு சொல்லுல.”

கல்லூரியில் சேர்ந்தபோது அசெம்பிள் செய்தது. ஐ5 10400எஃப் ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி நினைவகம் உள்ள ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. பெட்டிக்குள் மின்சாரம் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் 400 வாட் என்று அதன் ஸ்டிக்கர் சொல்கிறது, வேறு சாட்சி இல்லை. மானிட்டர், அத்தானின் உரக்கடையில் பில் போட வைத்திருந்த பழைய 22 அங்குல 60 ஹெர்ட்ஸ். யூரியா மூட்டைத் தூசி இன்னும் அதன் முதுகுப்பக்க ஓட்டைகளில் அடைந்து கிடக்கிறது. ராத்திரி கூட்டாளிகளோடு வேலரண்ட், ஞாயிற்றுக்கிழமை தனியாக ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. இவ்வளவுதான் அவன் விளையாட்டு.

இதே கேள்வியை இதற்கு முன் நாலைந்து பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சிலருக்குக் கார்டு என்றேன், சிலருக்கு மானிட்டர் என்றேன். அவரவர் மெஷின் நொடிக்கு எத்தனை படம் என்கிற கணக்கில் எந்த எண்ணில் தடுமாறுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அந்த எண் தெரியாமல் யாராவது பதில் சொன்னால் நம்ப வேண்டாம்.

கார்டு படம் வரைகிறது, மானிட்டர் காட்டுகிறது. இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். வம்பு அங்கேதான். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 தடவை, அதாவது 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை, மேலிருந்து கீழாகத் திரையைப் புதுப்பிக்கும். கார்டுக்கு அப்படி ஒழுங்கு கிடையாது. வெட்டவெளியில் குதிரை ஓடும்போது ஒரு படம் 16 மில்லிசெகண்டில் முடியும். கூட்டமான தெருவுக்குள் நுழைந்தால் 25 ஆகும். மானிட்டர் பாதித் திரையைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது அடுத்த படம் வந்து விழுந்தால், மேல் பாதியில் பழைய படம், கீழ் பாதியில் புதுப் படம். விளக்குக் கம்பம் இடுப்பில் ஒடிந்து நகர்ந்து நிற்கும். கோடு போட்ட பாயை நடுவில் கிழித்து, கோடு பொருந்தாமல் ஒட்டுப் போட்ட மாதிரி. இதைத்தான் டியரிங் என்கிறார்கள்.

இதற்குப் பழைய மருந்து வி-சிங்க். படம் முழுதாகத் தயாராகி, மானிட்டர் அடுத்த சுற்றைத் தொடங்கும்போதுதான் மாற்றுவேன் என்று கார்டை நிறுத்தி வைப்பது. கிழிசல் போய்விடும், காத்திருப்பு வந்துவிடும். டவுன் பஸ் கணக்குதான். ஜங்ஷனில் பஸ் கிளம்பி அரை நிமிஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தால், பிந்தியது அரை நிமிஷம்தான், நிற்க வேண்டியதோ அடுத்த பஸ் வரும்வரை. வேரியபிள் ரெஃப்ரெஷ் என்பது வீட்டு வாசலில் நிற்கிற ஆட்டோ. ஆள் ஏறியதும் கிளம்பும். (ஷேர் ஆட்டோவைச் சொல்லவில்லை. அது நிறைகிறவரை நகராது, நம் முட்டி முன்சீட்டுக்காரர் முதுகில் இடிக்கிறவரை நிறையவும் செய்யாது.) கார்டு படத்தை முடித்த நொடியில் மானிட்டர் புதுப்பிக்கும். 18 மில்லிசெகண்டில் வந்தால் 18, 23-இல் வந்தால் 23.

1650 போன்ற கார்டுகளைச் செய்கிற என்விடியா இதை ஜி-சிங்க் என்று 2013 அக்டோபரில் அறிவித்தது. மானிட்டருக்குள் அவர்களுடைய தனி சர்க்யூட் போர்டு இருந்தாக வேண்டியிருந்தது, அதனால் விலை எகிறியது. 2014-இல், திரைகளுக்கான தரங்களை வகுக்கிற வெசா அமைப்பு அடாப்டிவ்-சிங்க் என்ற பெயரில் இதே வித்தையை, மானிட்டர் ஒயர் இணைப்பான டிஸ்ப்ளேபோர்ட்டின் 1.2ஏ தரத்தில் சேர்த்தது. என்விடியாவின் போட்டியாளரான ஏஎம்டி அதன் மேல் ஃப்ரீசிங்கைக் கட்டி, 2015-இல் அந்த மானிட்டர்கள் கடைக்கு வந்தன. கடைசியில் 2019 ஜனவரியில் என்விடியாவும் இறங்கி வந்து, ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து மேலே உள்ள கார்டுகளைச் சாதாரண அடாப்டிவ்-சிங்க் மானிட்டரோடு ஓடவிட்டது. அதனால் மருமகனின் 1650-க்கு இன்றைக்கு ஃப்ரீசிங்க் என்று எழுதிய மானிட்டரே போதும். ஜிடிஎக்ஸ் 900 வரிசைக் கார்டு வைத்திருப்பவருக்கு இந்த வழி அடைப்பு. அவர் கார்டை மாற்றினால்தான் உண்டு.

அவன் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தான். ரெட் டெட் ஓடும்போது மூலையில் ஃப்ரேம் எண்ணிக்கை, அதாவது நொடிக்கு வரைகிற படம், 45. வி-சிங்க் போட்டாலும் உறுத்துகிறது, எடுத்தாலும் உறுத்துகிறது என்று புலம்பினான். ஒரு பழைய காலண்டர் தாளின் முதுகில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

45 என்றால் ஒரு படத்துக்கு 22.2 மில்லிசெகண்ட். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் நாலு சுற்றுக்கு மூன்று படம்தான் கிடைக்கிறது. அதனால் ஒரு படம் 16.7, அடுத்ததும் 16.7, மூன்றாவது 33.3 மில்லிசெகண்ட் திரையில் நிற்கும். பிறகு மறுபடியும் அதே தாளம். குதிரை இரண்டு எட்டு வைத்து ஒரு எட்டு நொண்டுகிற மாதிரி. சில விளையாட்டுகளில் வி-சிங்க் இன்னும் மோசம், 45 வரைகிற கார்டை அப்படியே 30-க்கு இறக்கிவிடும். எண்ணிக்கை 45 என்றாலும் கண்ணுக்குத் தெரிவது நொண்டல். இதே கார்டு, இதே 45, வேரியபிள் ரெஃப்ரெஷ் மானிட்டரில் ஒவ்வொரு படமும் 22.2, 22.2, 22.2 என்று நிற்கும். ஒரு ஃப்ரேம்கூட ஏறவில்லை, ஆனால் நொண்டல் போய்விடும்.

“அப்ப மானிட்டர்தான?” என்று எழுந்தான்.

உட்காரு என்றேன். அவன் கடையில் பார்த்து வைத்திருந்தது 75 ஹெர்ட்ஸ் ஃப்ரீசிங்க் மானிட்டர். விலை குறைவு, பெட்டியில் ஃப்ரீசிங்க் என்று பளிச்சென்று எழுதியிருக்கிறது. அதில் ஃப்ரீசிங்க் வேலை செய்கிற எல்லை 48-இலிருந்து 75 ஹெர்ட்ஸ் வரை. இவன் ஓட்டுவதோ 45! எந்த இடத்தில் உதவி வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில் அது கைவிரித்துவிடும்.

144 ஹெர்ட்ஸ் மானிட்டரிலும் கீழ் எல்லை பெரும்பாலும் அதே 48-தான். ஆனால் மேல் எல்லை கீழ் எல்லையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதால், ஃப்ரேம் 48-க்குக் கீழே போனால் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை காட்டச் சொல்லும். 45 ஃப்ரேம், 90 ஹெர்ட்ஸ். எல்லைக்குள் வந்துவிட்டது. ஏஎம்டி இதை லோ ஃப்ரேம்ரேட் காம்பன்சேஷன் என்கிறது. 75-இல் 90-ஐக் காட்ட முடியாது, அதனால் அதில் இந்த வித்தை நடக்காது. மானிட்டர் வாங்கப் போகிறவர் பெட்டியில் தேட வேண்டியது ஃப்ரீசிங்க் என்ற சொல்லை அல்ல, எந்த ஹெர்ட்ஸிலிருந்து எந்த ஹெர்ட்ஸ் வரை என்ற அந்த இரண்டு எண்களை. கடைக்காரர் தெரியாது என்றால் தயாரிப்பாளரின் தளத்தில் இருக்கும்.

சரி, கார்டு பக்கம் வருவோம். அவன் மனசில் இருந்தது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி நினைவகம், 1650-ஐவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம். ரெட் டெட் 45-இலிருந்து 80, 90-க்குப் போகும். நிழல், தண்ணீர், புல் எல்லாவற்றையும் ஏற்றி வைக்கலாம். இது சின்ன விஷயம் இல்லை. மானிட்டரால் ஒருபோதும் செய்ய முடியாதது இது. மானிட்டர் இருக்கிற படத்தைச் சீராகக் காட்டும், இல்லாத படத்தை வரைந்து தராது.

ஆனால் உரக்கடை மானிட்டரில் அந்த 90-இல் 60-தான் முழுசாகத் தெரியும். அதற்கு மேலே வருவது வெட்டுத் துண்டாகக் கிழிசலில் போகும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2019-இல் புதுசாக வந்திருந்த ஜிடிஎக்ஸ் 1660-ஐ ஆசை ஆசையாக வாங்கி, பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் மாட்டினேன். மூலையில் எண் 180, 200 என்று ஓடியது. பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். கண்ணில் தெரிந்ததோ பழைய அறுபதுதான். ஒன்றரை வருஷம் மூலையில் இருந்த எண்ணை மட்டும்தான் விளையாடினேன் என்று சொல்ல வேண்டும். வேலரண்ட் விஷயத்தில் மருமகனும் அதே நிலைமைதான். 1650-இலேயே 160, 170 காட்டுகிறது. அந்த ஃப்ரேம்களுக்கு அவன் ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று, பார்க்கத்தான் திரை இல்லை.

அன்றைக்கு எனக்கு இன்னொரு கூத்தும் நடந்தது. புதுக் கார்டு மாட்டி நாலாம் நாள், ஆட்டத்தின் நடுவில் மெஷின் பொட்டென்று அணைந்தது. மறுபடி போட்டேன், கால் மணி நேரம், மறுபடி பொட். கார்டு பழுது என்று கடைக்கும் வீட்டுக்கும் இரண்டு வாரம் அலைந்த பிறகு தெரிந்தது, மாற்ற வேண்டியது எஸ்எம்பிஎஸ். அலைச்சலுக்குக் கணக்கே கிடையாது. ஆகவே கார்டின் விலை என்பது கார்டின் விலை மட்டும் இல்லை. மருமகனின் 1650 வெறும் 75 வாட் கார்டு, மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கிற வகை. 6600-க்கு 132 வாட், தனியாக 8 முனை ஒயர் வேண்டும். ஸ்டிக்கரை மட்டும் நம்பியிருக்கிற அவனுடைய பெட்டியில் அந்த ஒயரே இல்லை. கார்டும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்ந்தால் இருபதாயிரத்தைத் தாண்டிவிடும்.

கரண்ட் பில் பற்றி அக்கா கவலைப்பட்டாள். அது கவலைப்படும் அளவுக்கு இல்லை. 57 வாட் கூடுதல், தினம் மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாதக் கணக்கில் பத்து யூனிட்தான். அக்கினி நட்சத்திரத்தில் ஓட்டு வீட்டு மாடி அறையில் அந்த வெக்கையோடு உட்காருவதுதான் கஷ்டம். அதைவிட, சாயங்காலம் வயல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் ஊரில் வோல்டேஜ் ஆடுகிற ஆட்டத்துக்கு, மட்டமான எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பது எந்தக் கார்டுக்கும் ஆகாது.

இப்போது கார்டுக்காகவும் வாதாட வேண்டும். மேலப்பாளையத்தில் ஒரு நண்பருக்கு நான் யோசிக்காமல் கார்டு என்றுதான் சொன்னேன். அவர் மெஷினில் தனிக் கார்டே கிடையாது, ப்ராசஸரோடு வருகிற கிராபிக்ஸ்தான். எல்லாவற்றையும் குறைத்து வைத்தும் புது விளையாட்டுகள் 20, 25-ஐத் தாண்டவில்லை. அந்த இடத்தில் மானிட்டர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒரு படத்துக்கு 40, 50 மில்லிசெகண்ட் ஆகிறது என்றால், அதைச் சீராகக் காட்டினாலும் அது சீரான ஆமைதான். மவுஸை அசைத்தால் படம் பின்னால் இழுபட்டு வரும். என் அனுபவத்தில் 40-தான் கோடு. எல்லாவற்றையும் இறக்கி வைத்த பிறகும் அதற்குக் கீழே நிற்பவர் கண்ணை மூடிக்கொண்டு கார்டுக்குப் போகலாம்.

இன்னொரு வகைத் தடுமாற்றமும் உண்டு, அதையும் மானிட்டர் மறைக்காது. சராசரி 55 என்று காட்டும், ஆனால் பத்து நொடிக்கு ஒருமுறை சடக்கென்று ஒரு உதறல். 4 ஜிபி நினைவகம் நிறைந்து வழியும்போது இது வரும். மற்ற படமெல்லாம் 18 மில்லிசெகண்டில் வந்துகொண்டிருக்க, ஒன்று மட்டும் 90 எடுத்துக்கொள்ளும். ஆட்டோ தயாராகத்தான் நிற்கிறது, ஆள் வரவில்லை என்றால் அது என்ன செய்யும்? இதற்கு டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் போர்த்துகிற படம்) தரத்தை ஒரு படி இறக்கிப் பார்க்க வேண்டும். உதறல் நின்றால் நினைவகம்தான் காரணம். இறக்க மனசில்லை என்றால் 8 ஜிபி கார்டுதான் வழி. ஷேடர் கம்பைல் ஆகும்போது, அதாவது படம் வரைகிற நிரல்களைக் கார்டுக்கு ஏற்றபடி மாற்றும்போது, வருகிற உதறல் வேறு ஜாதி. அதைப் பெரிய கார்டும் முழுசாகத் தீர்ப்பதில்லை.

அதனால் மருமகனிடம் சொன்னேன்: ஒரு வாரம் காசை எடுக்காதே. ஃப்ரேமை அளந்து காட்டுகிற மென்பொருளான ஆஃப்டர்பர்னரும் கூட வருகிற ரிவாட்யூனரும் இலவசம், போட்டுக்கொள். சராசரியைப் பார்க்காதே, ஒவ்வொரு படத்துக்கும் ஆகிற நேரத்தைக் காட்டும் ஃப்ரேம் டைம் கோட்டைப் பார். கோடு ஏறக்குறைய சமமாக ஓடி, எண் 40-க்கும் 100-க்கும் நடுவில் ஆடினால் உனக்கு வேண்டியது மானிட்டர். கோட்டில் பனைமரம் பனைமரமாக முளைத்தால் வேறு நோய், மானிட்டர் வாங்கி ஏமாறாதே. அப்புறம், எஃப்எஸ்ஆர் இருக்கிற விளையாட்டில் அதைக் குவாலிட்டி நிலையில் போட்டுப் பார். சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது அது, பழைய கார்டிலும் ஓடும், காசு கிடையாது.

வாரக் கடைசியில் வாட்ஸப்பில் படங்கள் வந்தன. சில இடத்தில் 43, பெரும்பாலும் 48-இலிருந்து 58. கோடு அடங்கித்தான் கிடந்தது. டெக்ஸ்சரை ஒரு படி இறக்கியதும் இரண்டே இரண்டு பனைமரம்.

எனவே அவனுக்கு மானிட்டர். 24 அங்குலம், 1080, 144 ஹெர்ட்ஸுக்குக் குறையாமல். இதில் என் சாய்வு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: கார்டு மூன்று வருஷத்தில் பழசாகிவிடும், மானிட்டர் ஆறேழு வருஷம் மேஜையில் இருக்கும். அடுத்த கார்டு எதை வாங்கினாலும் அதற்கும் இதே திரைதான். கார்டு வாங்கினால் அடுத்து மானிட்டருக்கு மனசு அலையும், மானிட்டர் வாங்கினால் இருக்கிற கார்டோடு இன்னும் ஒரு வருஷம் ஒப்பேற்றலாம்.

கடையில் 1440 மானிட்டரைக் காட்டி ஆசை காட்டுவார்கள் என்றும் எச்சரித்தேன். 1080 திரையில் 20.7 லட்சம் புள்ளி, 1440-இல் 36.9 லட்சம். அதே கார்டு ஏறக்குறைய 1.8 மடங்கு வேலை செய்ய வேண்டும். 45 ஓடுகிற விளையாட்டு முப்பதுக்கும் கீழே விழும். மானிட்டர் வாங்கியதால் கார்டும் வாங்க வேண்டிய நிலைமை வந்துவிடும். பேனல், அதாவது திரைப் பலகை, ஐபிஎஸ் வகை என்றே கேள் என்றேன். விலை குறைந்த விஏ வகைப் பேனல்களில் ஃப்ரேம் ஏறி இறங்கும்போது இருட்டுக் காட்சிகள் மினுக்கு மினுக்கென்று விட்டு விட்டு மின்னுவதை நான் பார்த்திருக்கிறேன். பெட்டியில் போட்டிருக்கும் 1 மில்லிசெகண்டை ரொம்பவும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்படி அளந்தார்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும்.

வண்ணாரப்பேட்டையில் வாங்கினோம். பெட்டியைத் திறந்து கடையிலேயே மாட்டி, கறுப்புத் திரை, வெள்ளைத் திரை இரண்டையும் போட்டுச் செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தோம். கடைப் பையன் கொஞ்சம் முறைத்தான், முறைக்கட்டும். மிச்சப் பணத்தில் 550 வாட்டில் ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ். அடுத்த வருஷம் கார்டு வரும்போது வழி திறந்திருக்கும்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

“மாமா, ஒண்ணும் பெருசா வித்தியாசம் தெரியலயே.”

“எந்த ஒயர மாட்டிருக்க?”

“பெட்டில வந்தத. எச்டிஎம்ஐ.”

“நா வாங்கிக் கொடுத்த டிஸ்ப்ளேபோர்ட் ஒயர் எங்க?”

“அது பையிலேயே கெடக்கு.”

அவனுடைய என்விடியா கார்டு இந்த ஃப்ரீசிங்க் மானிட்டரோடு சேர டிஸ்ப்ளேபோர்ட் வேண்டும் என்பதைக் கடையிலிருந்து ஜங்ஷன் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்திருந்தேன். மாற்றச் சொன்னேன். மேஜையை இழுக்கிற சத்தம், “ஏ ஆத்தா” என்று ஒரு முனகல். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே, அங்கே என்ன எண் இருக்கிறது என்று கேட்டேன்.

“அறுவது.”

“144-ன்னு வையி. அப்புறம் என்விடியா கண்ட்ரோல் பேனல்ல ஜி-சிங்க் கம்பாட்டிபிள டிக் போடு. நம்ம மானிட்டர் அவங்க பட்டியல்ல இல்ல, தானா ஆன் ஆவாது. ஃப்ரேம 141-ல கட்டி வையி, 144-ஐத் தாண்டுனா திரும்பவும் கிழியும்.”

மவுஸ் சத்தம் நாலைந்து கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. லைன் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன், ஆகவில்லை. பின்னால் குதிரைக் குளம்புச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. “ஏல” என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நானே வைத்துவிட்டேன்.

பழைய மானிட்டர் உரக்கடைக்கே திரும்பிப் போய்விட்டது. அத்தான் இப்போது அதில்தான் பில் போடுகிறார்.